பூக்காத லில்லியும் மாமியின் செத்தல் மிளகாயும்

முள்ளியவளையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "வாசலில் சிவப்பு லில்லி வைத்து மூன்று வருடம். இலை கொழுத்து வருகிறது, பூவைக் காணோம். 'நாவூறு பட்டிட்டுது, செத்தல் மிளகாய் சுத்திப் போடு' என்கிறா மாமி. என்ன செய்ய?"

மிளகாயைச் சம்பலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நேர்சரியில் அமரிலிஸ் என்று விற்கும் இந்தச் செடி உண்மையில் ஹிப்பியாஸ்ட்ரம். சொந்த இடம் தென்னமெரிக்கா. அசல் அமரிலிஸ் தென்னாபிரிக்காவினுடையது. 1987இல் பேர்லினில் கூடிய தாவரவியல் மாநாடு அப்படித்தான் முடிவு சொன்னது. விற்கிறவர்கள் கேட்கவில்லை, நானும் திருத்தப் போவதில்லை.

கிழங்கு என்கிறோமே, அது வெங்காயம் மாதிரி ஒரு குமிழ். அடியில் வேர்விடும் தட்டுத்தான் தண்டு. மேலே உள்ள அடுக்குகள் உணவு சேர்ந்து தடித்த இலையடிகள். இவ்வளவும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

படிக்காத ஒன்றைக் கத்தி காட்டியது. ஒரு பெரிய கிழங்கின் மேற்பகுதியைக் குறுக்கே சீவிப் பார்த்தேன். மூன்று அடுக்கு முழு வளையம். நான்காவது அரை வளையம். அதை ஒட்டிப் பழைய பூத்தண்டின் காய்ந்த சவ்வு. திரும்பவும் மூன்று, அரை, சவ்வு. நான்கு இலைக்கு ஒரு பூ என்று இந்தச் செடி எண்ணிக்கொண்டே வளர்கிறது! நான்கு இலை விட்டதும் வளரும் நுனியே பூங்கொத்தாக மாறிவிடும். பக்கத்து இலைக்கக்கத்தில் புதிய நுனி பிறந்து அடுத்த நான்கைத் தொடங்கும். அந்தப் பூ உடனே வெளியே வராது. கிட்டத்தட்ட ஒரு வருடம் உள்ளேயே வளரும். இடையில் சாப்பாடு போதாவிட்டால் உள்ளுக்குள்ளேயே கருகிவிடும், வெளியே யாருக்கும் தெரியாது. இந்த வருடம் பூக்காததற்கான காரணத்தைப் போன வருடத்தில்தான் தேட வேண்டும்.

அப்போ வாசகியின் செடிக்கு? வயலுக்கு வாங்கிய யூரியாவில் ஒரு பிடி போட்டிருந்தால் நிறுத்துங்கள். அது இலையைத்தான் கொழுக்கவைக்கும். மாமர நிழலில் இருந்தால் வெயிலுக்கு மாற்றுங்கள். கிழங்கின் கழுத்து மண்ணுக்கு வெளியே தெரியட்டும். பச்சை இலையை வெட்டாதீர்கள். குளிர்நாட்டுக்காரர் தண்ணீரை நிறுத்தி 8 முதல் 10 வாரம் ஓய்வு கொடுக்கிறார்கள். வன்னியில் சோளகம் வீசும் காலத்தில் நாம் வாளியைத் தூக்காமல் இருந்தாலே போதும்.

சரி, சீவிய கிழங்கு என்னவாயிற்று? நுனி உயிரோடு இருக்கும்வரை அதிலிருந்து இறங்கும் ஒட்சின் என்ற ஓமோன் பக்க அரும்புகளை அடக்கி வைத்திருக்கும். மேலிருந்து கீழாக எட்டாகப் பிளந்தால் அந்த ஆட்சி கவிழ்கிறது. ஒவ்வொரு துண்டையும் இரண்டிரண்டு செதிலாக, அதாவது அந்த இலையடி அடுக்குகள் இரண்டிரண்டாக, பிரித்தேன். ஒவ்வொரு சோடியிலும் அடித்தட்டு கொஞ்சம் ஒட்டியிருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் வீண். பூஞ்சணக்கொல்லித் தூள் தடவி, ஈரம் மட்டும் உள்ள தும்புத்தூளில் கலந்து, பொலித்தீன் பையில் கட்டி நிழலில் வைத்தேன். மூன்றாம் மாதம் திறந்தால் செதில்களுக்கிடையே பட்டாணி அளவில் குட்டிக் குமிழ்கள். 26 சோடியில் 17 பிழைத்தன. மற்றவை அழுகியது என் பிழை, தண்ணீர் கூடிவிட்டது. பூக்க இன்னும் இரண்டு மூன்று வருடம் பொறுக்க வேண்டும்.

கிளிநொச்சி அறிவியல்நகரில் விவசாய பீடமே இருக்கிறது. நெல் ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டியதுதான். ஆனால் ஒரு கத்தியும் ஒரு பையும் போதுமான இந்த வேலையை வீட்டுப் பெண்களுக்குப் பழக்க ஒரு சிறு தொகை ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இந்தக் கிழங்கில் லைகோரின் என்ற நஞ்சு உண்டு; தின்றால் வாந்திதான். பார்வைக்குப் பம்பாய் வெங்காயமேதான். வெட்டிய கத்தியைக் கழுவாமல் குசினிக்குள் கொண்டுபோகாதீர்கள்.