ஐந்தாம் புத்தகத்து லாக்கெட் ஏழாம் புத்தகத்தில் எப்படி ஞாபகம் வருகிறது?

ஹாரி பாட்டர் வரிசையை இன்னும் முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வாருங்கள், இதில் கதை கொஞ்சம் வெளியே வரும்.

ஐந்தாம் புத்தகத்தில் ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸின் பழைய வீட்டைச் சுத்தம் செய்வார்கள். அலமாரியிலிருந்து வெளியே எடுத்துப் போடும் சாமான்களுக்கு நடுவே, யாராலும் திறக்க முடியாத கனமான லாக்கெட் ஒன்று போகிற போக்கில் வந்துபோகும். அவ்வளவுதான், அங்கே அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அது 2003 ஜூனில் வந்த புத்தகம். கடைசிப் புத்தகம் 2007 ஜூலை 21 அன்று வந்தது. அதில் அதே வீட்டுக்குத் திரும்பி வந்து, ஒரு அறைக் கதவில் சிரியஸின் தம்பி ரெகுலஸின் முழுப்பெயரைப் பார்த்த பிறகு ஹெர்மாயினி அந்த லாக்கெட்டை நினைவுகூர்கிறாள். கவனமாகப் படித்து வந்தவர்களுக்கோ அவள் சொல்லி முடிப்பதற்குள் உடம்பு சிலிர்த்துவிடும். நான்கு வருடம், நடுவில் முழுசாக இன்னொரு புத்தகம், இத்தனையும் தாண்டி அந்த ஒரே ஒரு வரி தலைக்குள் எங்கே கிடந்தது?

படித்த வாக்கியங்களை மூளை அப்படியே எடுத்து வைப்பதில்லை, சொற்கள் சீக்கிரமே போய்விடும். எஞ்சுவது அந்தச் சொற்கள் சொன்ன நிலவரம்: யார் எங்கே இருக்கிறார்கள், யாருக்கு யார்மேல் கோபம், எந்தப் பொருள் எந்த வீட்டில். வான் டைக், கின்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1983-இல் இதைச் சூழ்நிலை மாதிரி என்று விரிவாக எழுதினார்கள். ஒவ்வொரு புது வாக்கியமும் அந்த மாதிரியில் ஏதோ ஒன்றைச் சேர்க்கிறது, அல்லது மாற்றுகிறது. ஏழு புத்தகத் தொடரைப் படிப்பவர் கடைசிப் பாகத்தைத் திறக்கும்போது, ஆறு புத்தகங்களில் கட்டிய மாதிரி ஏற்கெனவே தலைக்குள் நிற்கிறது.

பழைய செய்தி எப்படி மேலே வருகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த சோதனை 1993-இல் ஆல்பிரெக்ட், ஓபிரையன் இருவரும் செய்தது. மேரி என்ற பெண் சைவம் என்று கதையில் முதலிலேயே சொல்லிவிடுவார்கள். அப்புறம் அதற்குச் சம்பந்தமில்லாத சில வரிகள், அதன்பிறகு மேரி உணவகத்தில் இறைச்சி வைத்த சீஸ்பர்கர் கேட்கிறாள். பக்கத்து வரிகளோடு பார்த்தால் அந்த வாக்கியத்தில் ஒரு தப்பும் இல்லை, ஆனாலும் படிக்கிறவர்கள் அந்த இடத்தில் வேகம் குறைகிறார்கள். யாரும் அவர்களைப் பழசை நினைத்துப் பார்க்கச் சொல்லவில்லை. கண்முன் இருக்கும் சொல்லோடு ஒற்றுமை உள்ள பழைய நினைவு தானாகவே கிளம்புகிறது. வீணையில் ஒரு தந்தியை மீட்டினால் அதே சுருதியில் உள்ள இன்னொரு தந்தி தொடாமலே அதிருமே, அப்படி. இதை விளக்கும் கோட்பாட்டுக்கும் ஒத்ததிர்வு என்றுதான் பெயர்.

லாக்கெட்டுக்கும் இதே வேலைதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். அதே வீடு, அதே குடும்பப் பெயர், ஆறாம் புத்தகத்தின் முடிவில் R.A.B. என்று கையெழுத்திட்ட குறிப்போடு கிடைத்து அப்போதிலிருந்து நம்மைக் குடைந்துகொண்டிருக்கும் இன்னொரு போலி லாக்கெட், இவை மூன்றும் சேர்ந்து பழைய வரியை இழுக்கின்றன. அதோடு 'திறக்க முடியவில்லை' என்ற சின்ன விசித்திரம் வேறு. சாதாரண லாக்கெட்டாக இருந்தால் இவ்வளவு ஒட்டியிருக்காது.

2014-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இதே வரிசையின் முதல் புத்தகத்திலிருந்து ஒன்பதாம் அத்தியாயத்தை எட்டுப் பேருக்கு மூளை ஸ்கேன் கருவிக்குள் படிக்கக் கொடுத்தார்கள், ஒரு சொல்லுக்கு அரை வினாடி என்ற கணக்கில். ஹாரி முதன்முதலாகத் துடைப்பத்தில் பறக்கும் அத்தியாயம் அது. சொல்லின் பொருள், வாக்கிய அமைப்பு, பாத்திரங்கள், அவர்களின் அசைவு என்று ஒவ்வொன்றையும் மூளையின் வெவ்வேறு பகுதிகள் பின்தொடர்வது அதில் தெரிந்தது. கதை படிப்பது கண்ணும் மொழியும் மட்டும் செய்கிற வேலை இல்லை.

சரி, வேகத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் மௌனமாகக் கதை படிக்கும் பெரியவர்களின் சராசரி, நிமிடத்துக்குச் சுமார் 260 சொற்கள். கடைசிப் புத்தகம் ஏறக்குறைய 2 லட்சம் சொற்கள், அப்படியென்றால் 13 மணி நேரம் பிடிக்கும். வெளியான அன்று இரவே முடித்தவர்களில் பலர் இதைவிட வேகமாக ஓடியிருப்பார்கள். கண் ஒவ்வொரு இடத்திலும் கால் வினாடி அளவுக்குத்தான் நிற்கிறது, அதை மேலும் குறைக்க வழி அதிகமில்லை, அதனால் வேகம் கூட்டுவது என்றால் பெரும்பாலும் வரிகளைத் தாண்டுவதுதான். தாண்டினால் புரிதல் குறையும். கடைசிப் புத்தகத்தில் இது பெரிய நஷ்டம், ஏனென்றால் பழைய நினைவைக் கிளப்பும் அந்தச் சின்னச் சொல் தாண்டிய வரியில் இருக்கலாம். யார் செத்தார்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று ஓடாதீர்கள், தயவுசெய்து.

முடித்தபின் வரும் வெறுமையும் உண்மையானதுதான். 1956-இலேயே ஹார்ட்டன், வோல் என்பவர்கள் தொலைக்காட்சி, வானொலியில் வருகிறவர்களோடு நேயர்களுக்கு உண்டாகும் ஒருதலை நெருக்கத்தைப் பற்றி எழுதினார்கள். 2004-இல் ஃப்ரெண்ட்ஸ் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் முடிந்தபோது கல்லூரி மாணவர்களிடம் எடுத்த ஆய்வில், பிடித்த பாத்திரத்தோடு எவ்வளவு நெருக்கம் இருந்ததோ அதுதான் பிரிவின் வருத்தத்தை எல்லாவற்றையும்விட நன்றாகக் கணித்தது. புத்தகத்திலும் இப்படித்தான் இருக்க வேண்டும். பதினோரு வயதிலிருந்து கூடவே வளர்ந்த ஒருவன் பிரிந்துபோனால் வலிக்காமல் என்ன செய்யும்? அழுதால் அழுதுவிட்டுப் போங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அப்புறம் மறுபடி படிப்பது. முடிவு தெரிந்த கதையில் என்ன பதற்றம் என்று கேட்பவர்களுக்கு ரிச்சர்ட் கெரிக் 1989-இல் வெளியிட்ட சோதனையைச் சொல்லலாம். அமெரிக்காவின் முதல் அதிபர் வாஷிங்டன் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர் பதவி ஏற்பாரா மாட்டாரா என்று சந்தேகம் கிளப்பும் கதை ஒன்றைப் படித்தவுடன், 'வாஷிங்டன் முதல் அதிபரானார்' என்ற வாக்கியம் சரியா என்று சொல்லவே மக்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. தெரிந்த முடிவு நினைவில் இருந்தாலும், கதைக்குள் இருக்கும்போது அது உடனே கைக்கு வருவதில்லை. ஹாரி காட்டுக்குள் தனியாக நடந்துபோகும் அத்தியாயத்தில், அவன் பிழைத்துவிடுவான் என்று தெரிந்தவர்களுக்கும் நெஞ்சு படபடப்பது இதனால்தான்.