16 வயதுக்கு முன் தலைச்சாயம் வேண்டாம்

பள்ளி விடுமுறை தொடங்கியதும் தோல் மருத்துவரான என்னிடம் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடுகிறது. "லீவுதானே டாக்டர், குழந்தை ரொம்ப ஆசைப்படுறா. ஒரே ஒரு தடவை கலர் பண்ணிக்கட்டுமா? ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள மறுபடி கருப்பு அடிச்சிடலாம்." இப்படிக் கேட்பவர்கள் பொறுப்பற்ற பெற்றோர் அல்லர், பார்லருக்குப் போகும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும் என்று தோன்றியதே அவர்களுடைய அக்கறைக்குச் சான்று. ஆனால் 'ஒரே ஒரு தடவை' என்று சொல்லும்போதே இரண்டு சாயங்கள் கணக்கில் வந்துவிடுகின்றன என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. விடுமுறைக்கு ஒரு நிறம், பள்ளிக்காக அதை மறைக்க ஒரு கருப்பு. இவற்றில் எனக்கு அதிகக் கவலை தருவது அந்தக் கருப்புதான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரந்தரச் சாயமும் பிளீச்சும் 16 வயது நிறையும் வரை வேண்டாம். ஒரே அலசலில் போய்விடும் வண்ணத்தை, சில நிபந்தனைகளோடு, எப்போதாவது அனுமதிக்கலாம். பத்து வயதுக் குழந்தைக்கு நரைத்திருக்கிறது என்றால் அதைச் சாயத்தால் மறைப்பதற்கு முன், ஏன் நரைத்தது என்று கண்டறிய வேண்டும்.

நிரந்தரச் சாயம் என்பது முடியின் மேல் பூசப்படும் வண்ணம் அன்று. முடிக்குள்ளேயே நடத்தப்படும் ஒரு வேதிவினை. அம்மோனியா போன்ற காரப்பொருள் முடியின் செதில் போன்ற மேலுறையைத் திறந்துவிட, பாரா ஃபினைலீன் டையமின், சுருக்கமாக பி.பி.டி., என்னும் நிறமற்ற சிறிய மூலக்கூறு உள்ளே நுழைகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு அதனோடு வினைபுரிய, ரிசார்சினால் போன்ற துணைப்பொருள்களுடன் இணைந்து, அது வெளியே வர முடியாத பெரிய நிறமூலக்கூறாக மாறிவிடுகிறது. எத்தனை முறை குளித்தாலும் சாயம் போகாதது இதனால்தான். முடிக்குள் நுழையக்கூடிய அந்தச் சிறிய மூலக்கூறு உச்சந்தலைத் தோலுக்குள்ளும் நுழையும். நிறம் அடர அடர, பொதுவாக பி.பி.டி.யின் அளவும் கூடும். 'அம்மோனியா இல்லாதது' என்று அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதைக் காட்டி, "இது சேஃப்தானே?" என்று கேட்பவர்கள் பலர். அம்மோனியாவுக்குப் பதிலாக வேறொரு காரப்பொருளைச் சேர்த்திருப்பார்கள். மூக்கை எரிக்கும் நெடி இருக்காது, அவ்வளவுதான். பி.பி.டி. இருக்கிறதா என்பதைப் பெட்டியின் பின்புறத்துச் சிறிய எழுத்துதான் சொல்லும். 'ஹெர்பல்' என்ற சொல்லுக்கும் இதே விதிதான்.

இந்தப் பொருளால் வரும் ஒவ்வாமையின் போக்கைப் பெற்றோர் புரிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். முதல் முறை பூசும்போது பெரும்பாலும் எதுவும் நடக்காது. தோலுக்குள் சென்ற பொருளை நோயெதிர்ப்பு மண்டலம் அந்நியன் என்று அடையாளம் கண்டு நினைவில் பதித்துக்கொள்ள ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். பதிந்துவிட்டால் அந்த நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் அழிவதில்லை. அடுத்த முறை, அது மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோ வரலாம், ஒன்று முதல் மூன்று நாள்களுக்குள் அரிப்பும் வீக்கமும் நீர்க்கொப்புளங்களும் தோன்றும். 'போன தடவை ஒன்றும் ஆகவில்லை' என்பது பாதுகாப்புக்கு அத்தாட்சி ஆகாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, இரண்டு கண்களும் திறக்க முடியாதபடி வீங்கி, நெற்றியின் மயிரோரத்திலும் காதுமடல்களிலும் நீர் கசிய, தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். இரண்டு நாளுக்கு முன் வீட்டில் கருப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள். "அதே பாக்கெட்டைத்தான் நான் வருஷக்கணக்கா போடறேன், எனக்கு ஒண்ணும் ஆனதில்ல. இவளுக்கு இதுதான் முதல் தடவை. எப்படி அலர்ஜி வரும் டாக்டர்?" என்று அந்தத் தாய் கேட்டார். விடை அந்தப் பெண்ணின் இடது முன்கையிலேயே இருந்தது. கொடியும் மாங்காயுமாக ஒரு வடிவம், சுற்றியுள்ள தோலைவிடச் சற்று வெளிறி, விளக்கு வெளிச்சத்தில் தெளிவாகத் தெரிந்தது. முந்தைய ஆண்டு உறவினர் திருமணத்தில் போட்ட கருப்பு மெஹந்தி அது. நான்கைந்து நாளில் அந்தக் கோடுகள் தடித்து அரித்ததாகவும், உடற்சூடு என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவியதாகவும் பாட்டி நினைவுபடுத்திச் சொன்னார். தலைச்சாயம் அந்தப் பெண்ணுக்கு முதல் முறை, பி.பி.டி. முதல் முறை அன்று.

மருதாணிக்கு இதில் பழியில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மருதாணி இலையிலுள்ள லாசோன் என்னும் நிறமி, சில மணி நேரம் கையில் இருந்தால் ஆரஞ்சிலிருந்து செம்பழுப்பு வரையான நிறத்தைத் தரும். அது எந்த ஊர் இலையாக இருந்தாலும் தானாகக் கரிய நிறம் தராது. அரை மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் கோனில் வேறு ஏதோ கலந்திருக்கிறது, அந்த ஏதோ ஒன்று பெரும்பாலும் பி.பி.டி.தான். தலைச்சாயத்திலாவது ஒரு அளவு உண்டு. ஐரோப்பிய விதிப்படி தலையில் பூசும் கலவையில் பி.பி.டி. 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கருப்பு மெஹந்தி மாதிரிகளை ஆய்வகங்களில் சோதித்தபோது அதைப்போலப் பல மடங்கு இருந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. தலையில் அரை மணி நேரத்தில் அலசிவிடும் பொருளை, கையில் நேரடியாகத் தோலின்மேல் மணிக்கணக்கில் வைத்திருக்கிறோம். குழந்தைகளிடம் பி.பி.டி. ஒவ்வாமை விதைக்கப்படும் வழிகளில் முக்கியமானது இது. ஆகவே கல்யாண வீட்டில் மெஹந்தி போடும் பெண் எவ்வளவு வற்புறுத்தினாலும், குழந்தையின் கைக்கு அரைத்த மருதாணி போதும் என்று சொல்லிவிடுங்கள். அதிலும் கைக்குழந்தைக்கு அதிகப் பரப்பில் மருதாணி பூசுவதை நான் ஆதரிப்பதில்லை. ஜி6பிடி என்னும் நொதிக்குறைபாடு உள்ள சிசுக்களில் தூய மருதாணியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்த நிகழ்வுகள் உண்டு. நம் குழந்தைகளில் யாருக்கு அந்தக் குறைபாடு இருக்கிறது என்பது பெரும்பாலான வீடுகளில் தெரிந்திருக்காது.

இந்த ஒவ்வாமை தலைச்சாயத்தோடு நின்றுவிட்டால்கூட நான் இவ்வளவு வருந்த மாட்டேன். பி.பி.டி.யை ஒத்த அமைப்புடைய பொருள்கள் பல உள்ளன. பென்சோகெயின் போன்ற சில மரப்புமருந்துகள், சல்ஃபா வகை மருந்துகள், அடர்நிறச் செயற்கைத் துணிகளின் சாயங்கள், கருப்பு ரப்பரிலுள்ள சில சேர்மானங்கள் ஆகியவற்றுக்கும் அந்த உடல் எதிர்வினை காட்ட வாய்ப்பு உண்டு. நாற்பது வயதில் நரையை மறைக்க விரும்பும்போது அவருக்கு வழக்கமான சாயங்கள் எதுவும் ஒத்துக்கொள்ளாது. சிகையலங்காரத் தொழிலில் சேர ஆசைப்பட்டால் அந்தக் கதவும் ஏறக்குறைய மூடிவிட்டதாகத்தான் பொருள். எட்டு வயதில் இரண்டு மாத விடுமுறைக்காகப் பெற்றோர் எடுத்த முடிவின் விலையை அந்தக் குழந்தை தன் ஆயுள் முழுவதும் கொடுக்க நேர்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஐரோப்பாவில் நிரந்தரச் சாயப் பெட்டிகளின் மேல் '16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு உரியது அன்று' என்ற வாசகம் கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. நானும் அந்த எல்லையையே வைத்துக்கொள்கிறேன்.

"முதலில் கொஞ்சம் தடவிச் சோதித்துவிட்டுப் பூசலாமே?" என்ற கேள்வியும் வரும். நம் நாட்டின் அழகுசாதன விதிகளும் பி.பி.டி. கலந்த சாயப்பெட்டியில் இப்படி ஒரு எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியுள்ளன: காதின் பின்புறமோ முன்கையின் உட்புறமோ சிறிது தடவி, 24 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறை பூசும் முன்பும் பார்க்க வேண்டும், புருவத்துக்கும் இமைமயிருக்கும் பயன்படுத்தினால் பார்வை பறிபோகலாம். இறுதியாகச் சொன்னது வெறும் சட்டச் சடங்கு அன்று. 1933ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'லாஷ் லூர்' என்ற இமைச்சாயத்தால் பெண்கள் பார்வை இழந்தார்கள், ஒருவர் இறந்தும் போனார். 1938ஆம் ஆண்டு அந்த நாடு உணவு, மருந்து, அழகுசாதனச் சட்டத்தைக் கொண்டுவந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதில் இருந்ததும் பி.பி.டி.யே. பெரியவர்கள் சாயம் பூசும்போது இந்தச் சோதனையைக் கண்டிப்பாகச் செய்ய வேண்டும். ஆனால் ஏற்கெனவே ஒவ்வாமை உருவாகிவிட்டவரைத்தான் அது காட்டிக்கொடுக்கும். இதுவரை பி.பி.டி. படாத குழந்தையின் தோலில் அது எதையும் காட்டாது; இனிமேல் ஒவ்வாமை உருவாகுமா என்பதை எந்தச் சோதனையாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பிளீச்சைப் பற்றி நீண்டு எழுதத் தேவையில்லை. கருமுடியில் நீலமோ இளஞ்சிவப்போ தெரிய வேண்டுமென்றால் முதலில் இயற்கை நிறமியை அழித்தாக வேண்டும். அதற்கான பெராக்சைடும் பெர்சல்ஃபேட் தூளும் உச்சந்தலையைப் புண்ணாக்கக்கூடியவை. ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அந்தத் தூளின் காற்றே மூச்சிரைப்பைத் தூண்டலாம். பேன் கடித்துச் சொறிந்த கீறல்களோ பொடுகுப் புண்ணோ இருக்கும் தலையில் எந்த ரசாயனமும் எளிதாக உள்ளிறங்கும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. பள்ளி திறக்கும்போது வேரில் கருப்பும் நுனியில் வேறு நிறமுமாக நிற்கும் குழந்தைக்கு மறுபடியும் சாயம் தேவைப்படும்.

ஆசைக்காகச் சாயம் கேட்பவர்களைவிட என்னை அதிகம் கலங்க வைப்பவர்கள், நரைத்த குழந்தையோடு வருகிறவர்கள். "கிளாஸ்ல எல்லாரும் கிழவன்னு கூப்பிடுறாங்க" என்று ஆறாம் வகுப்புச் சிறுவன் தலையைக் குனிந்துகொண்டு சொல்லும்போது, சாயம் வேண்டாம் என்று சொல்வது எளிதன்று. இளநரை பெரும்பாலும் பரம்பரையாக வருவது. அப்பாவுக்கோ தாய்மாமனுக்கோ இளமையிலேயே நரைத்திருக்கும். ஆனாலும் குழந்தையின் நரையைப் பரம்பரை என்று சொல்லி அனுப்பிவிட முடியாது. வைட்டமின் பி12 குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு ஆகியவற்றில் நரை ஒரு வெளியடையாளமாக வரலாம். இவற்றைச் சாதாரண இரத்தப் பரிசோதனையிலேயே கண்டுவிடலாம், குறைபாட்டைச் சரிசெய்தால் சிலருக்கு முடி மீண்டும் கருப்பாக வளர்வதும் உண்டு. ஓரிடத்தில் மட்டும் கொத்தாக வெளுத்திருந்தால் கீழேயுள்ள தோலையும் பார்க்க வேண்டும். வெண்புள்ளியாக இருக்கலாம், புழுவெட்டு ஆறி முளைக்கும் வெள்ளை முடியாகவும் இருக்கலாம்.

பிறந்ததிலிருந்து முன்நெற்றியில் ஒரு வெள்ளைக் கற்றையோடு இருந்த நான்கு வயதுக் குழந்தையை, பள்ளியில் சேர்க்கும் முன் சாயம் பூசலாமா என்று கேட்டு அழைத்து வந்தார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது குழந்தை திரும்பவில்லை. "விளையாட்டுப் புத்தி, காதுல வாங்க மாட்டான்" என்றார் தந்தை. ஒரு கண்ணின் கருவிழி மற்றதைவிட வெளிறி நீலம் பாரித்திருந்தது. முன்கற்றை நரை, கண்ணின் நிறவேறுபாடு, பிறவிக் காதுகேளாமை மூன்றும் சேர்ந்து வரும் வார்டன்பர்க் நோய்க்குறி என்று ஒன்று உண்டு. செவித்திறன் பரிசோதனையில் இரண்டு காதிலும் குறைபாடு உறுதியானது. காது கேட்காமல் போகும் ஒவ்வொரு மாதமும் பேச்சு வளர்ச்சியில் இழப்பாகும் வயது அது. அந்தக் கற்றையைப் பிறந்தவுடனேயே சாயத்தால் மறைத்திருந்தால், குழந்தையைப் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் அந்தத் துப்பு கிடைத்திருக்காது.

சிறுவனின் வேதனைக்கு என்ன வழி? வகுப்பாசிரியரிடம் பெற்றோர் நேரில் பேச வேண்டும். கேலி செய்பவர்களைக் கண்டிப்பது ஆசிரியரின் கடமை, குழந்தை தன் தலையை மாற்றிக்கொள்வதால் தீரும் சிக்கல் அன்று அது. முடியைச் சற்றுக் குட்டையாக வெட்டினால் நரை அவ்வளவாகத் தெரியாது. கரிசலாங்கண்ணி எண்ணெய் தேய்க்கலாமா என்று கேட்டால் தடுப்பதில்லை, ஆனால் நரை கருத்துவிடும் என்ற உறுதியை என்னால் தர முடியாது. மருதாணியோடு அவுரிப் பொடியைக் கலந்து கருமை கொடுக்கும் முறை நம்மிடம் உண்டு. வளர்ந்த பிள்ளைகளுக்கு அது ஏற்கத்தக்க மாற்றுதான், வாங்கும் பொடி தூய்மையானதாக இருக்கும் பட்சத்தில். பொட்டலத்தின் மேல் 'கருப்பு ஹென்னா' என்று இருந்தால் பின்புறத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

ஆண்டுவிழாவுக்கோ மாறுவேடப் போட்டிக்கோ ஒரு நாள் நிறம் வேண்டும் என்றால், முடியின் மேலே மட்டும் ஒட்டி அன்றிரவே அலசினால் போய்விடும், சாக்பீஸ் போன்ற 'ஹேர் சாக்' வகையைத் தேர்ந்தெடுங்கள். உச்சந்தலையைத் தொடாமல் நுனியில் பூசுங்கள். ஸ்பிரே வகையைத் திறந்தவெளியில், கண்ணையும் மூக்கையும் மூடிக்கொண்டு அடிக்க வேண்டும். அதிலுள்ள ஆல்கஹாலும் உந்துவாயுவும் எளிதில் தீப்பற்றும் என்பதால், ஸ்பிரே அடித்த தலையோடு குழந்தையைக் குத்துவிளக்கின் அருகிலோ தீபாவளிப் பட்டாசின் அருகிலோ விடக் கூடாது.

சாயம் பூசிய பிறகு அரிப்பு தொடங்கினால் உடனே மிதமான ஷாம்பு போட்டு ஏராளமான தண்ணீரில் அலசுங்கள். தயிர், எலுமிச்சை எதையும் தடவாதீர்கள். முகம் வீங்கினாலோ மூச்சு, குரல் மாறினாலோ காத்திருக்கக் கூடாது. பூசிய பொருளின் பெட்டியைக் கையோடு எடுத்து வாருங்கள்.

குழந்தைக்குப் பூசாத வீடுகளிலும் தாத்தாவின் சாயப்புட்டி குளியலறைத் திட்டில் நிற்கும். பி.பி.டி. கலந்த திரவத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால் கழுத்தும் நாக்கும் வீங்கி மூச்சுப்பாதை அடைபடலாம். தசைகள் சிதைந்து, சிறுநீர் கறுத்து, சிறுநீரகம் செயலிழக்கலாம். இதற்கென்று தனி முறிமருந்து கிடையாது. வாந்தி எடுக்க வைக்க முயலாமல், 108க்கு அழைத்து, புட்டியோடு அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு விரைய வேண்டும். சாயம் கலக்கிய கிண்ணத்தையும் மிச்சத்தையும் உடனே கழுவிவிட்டு, புட்டியைப் பூட்டு உள்ள அலமாரியில் வையுங்கள்.