கஃப் சரியா உட்காரலையா? மெஷினைத் திட்டாதீங்க

வீட்ல தைச்ச சட்டைய எடுத்துட்டு வந்து இதை மட்டும் சரி பண்ணிக் குடுங்கன்னு கேக்குறவங்ககிட்ட நான் முதல்ல பாக்குறது கஃப் தான், அதாவது கை நுனில மணிக்கட்டைச் சுத்தி பட்டன் போடுற பகுதி. போன வாரம் ஒரு பொண்ணு கொண்டு வந்த சட்டைல தையல் அவ்ளோ நேரா இருந்துச்சு, சத்தியமா நானே அப்படி அடிப்பேனான்னு தெரியல, ஆனா ரெண்டு கைக்கும் ஓப்பனிங் (கை நுழைய கஃபுக்கு மேல விடுற வெட்டு) ஒரே பக்கம் வெட்டியாச்சு. அதாவது அந்த சட்டைல ரெண்டும் இடது கை. துணி எக்ஸ்ட்ராவும் இல்ல, என்ன பண்றது.

பட்டி (ஓரத்துல வச்சு தைக்கிற துணி) போடுற இந்த ஓப்பனிங் சுண்டுவிரல் பக்கமா, பின்னாடி வரணும். ரெண்டு ஸ்லீவையும் நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பாக்குற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு வச்சு சாக்பீஸால மார்க் பண்ணிட்டு வெட்டினா இந்தத் தப்பு வரவே வராது.

அளவு விஷயத்துக்கு வருவோம். மணிக்கட்டு ஆறரை இஞ்ச்னா கஃபும் ஆறரைன்னு வெட்டிடுறாங்க, அப்புறம் பட்டன் போட்டா ரத்த ஓட்டம் நின்னுரும். லூசுக்கு 2 இஞ்ச், பட்டனும் காஜாவும் (பட்டன் ஓட்டை) ஒண்ணு மேல ஒண்ணு ஏற 1 இஞ்ச், ஆக தைச்சு முடிச்ச கஃப் ஒன்பதரை வரணும். தையலுக்கு விடுற துணி இதுக்கு மேல தனி. பட்டி தைச்சு, ப்ளீட் (மடிப்பு) பிடிச்ச பிறகு ஸ்லீவோட வாயை விரிச்சு டேப் போடுங்க, அதுவும் அதே ஒன்பதரை காட்டணும். கால் இஞ்ச் கூடுதலா இருந்தா ப்ளீட்டை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க, தைக்கும்போது இழுத்து சமாளிச்சிக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. ஏன்னா ஊசிக்கு அடில இருக்கிற மெஷின் பல்லு, கீழ இருக்கிற துணியை வேகமா இழுக்கும், மேல இருக்கிறது பின்தங்கி கடைசில மிஞ்சி நிக்கும், கஃப் முறுக்கிக்கிறது பெரும்பாலும் இதனாலதான். ரெண்டு ஓரத்துலயும் நடுவுலயும் குண்டூசி குத்திட்டு அடிங்க, ஊசி கிட்ட வரும்போது குண்டூசியை உருவிடுங்க, மேல ஏத்தி ஓட்டினா ஊசி உடைஞ்சு கண்ணுல தெறிக்கும்.

காட்டன் துணின்னா வெட்டுறதுக்கு முன்னாடியே நனைச்சு காய வச்சு அயர்ன் பண்ணிடணும். இல்லாட்டி முதல் சலவைல துணி சுருங்கும், கஃப் விறைப்பா நிக்க உள்ள ஒட்டின கேன்வாஸ் சுருங்காது, கஃப் மேல கொப்புளம் கொப்புளமா நிக்கும். அதுக்கு என்கிட்டயும் வைத்தியம் கிடையாது. கேன்வாஸ் ஒட்டும்போது அயர்ன் பாக்ஸை தேய்க்காம, வச்சு அமுக்கி, தூக்கி அடுத்த இடத்துல வைங்க.

இன்னொண்ணு, கஃபை முதல்ல ஸ்லீவோட உள்பக்கமா வச்சு அடிச்சிட்டு வெளிப்பக்கம் மடிச்சுக் கொண்டுவந்து மேல் தையல் போடுங்க. கண்ணுக்குத் தெரியிற தையல் உங்க கண்ணு முன்னாடியே விழும். மூலையைத் திருப்புறதுக்கு முன்னாடி அந்த முனைல துணியைக் குறுக்கா கத்தரிச்சிடுங்க, இல்லன்னா உருண்டையா கட்டி நிக்கும். ஆனா கத்திரிக்கோல் நுனியை உள்ள விட்டு முனையைத் தள்ளாதீங்க, ஓட்டை விழுந்துரும், நானே கத்துக்கிட்ட புதுசுல ஒரு வெள்ளை சட்டைய அப்படித்தான் காலி பண்ணேன்.

காஜா அடிச்சிட்டு நடுவுல துணியை வெட்டித் திறக்கும்போது, காஜா முடியிற இடத்துல ஒரு குண்டூசியை குறுக்கா குத்திக்கோங்க, சீம் ரிப்பர் (தையல் பிரிக்கிற கருவி) அதுல தட்டி நின்னுரும்.