தண்ணீர் குடித்து இறுகும் பூச்சு

பிக்கப் வண்டியின் கேபின் தரைக்குத் தானே லைனர் கோட்டிங் (தகட்டைக் காக்கும் ரப்பர் மாதிரியான பூச்சு) அடிக்கப்போவதாக ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஒரே டப்பாவில் வருவது நல்லதா, இரண்டு டப்பா கலந்து அடிப்பது நல்லதா என்பது கேள்வி. கடைசியில், "கெட்டியாக ஒரே கோட் போதும்தானே?" என்றும் கேட்டிருக்கிறார். இந்தக் கடைசிக் கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது.

துருவைச் சுரண்டுவது, உப்புத்தாளால் பழைய பெயின்டின் பளபளப்பைப் போக்குவது, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பது எல்லாம் தெரிந்த வேலைதான். தெரிந்தும் பலர் செய்வதில்லை. துருவின் மேல் அடித்தால் பூச்சு பிடிப்பது துருவைத்தான், இரும்பை அல்ல.

நீர் கலந்த ரப்பர் பூச்சுகள் துணி காய்வது மாதிரி காய்கின்றன. ஈரம் போனதும் மிச்சம் படலமாகிறது. லைனராக ஒற்றை டப்பாவில் வரும் பாலியூரித்தேன் என்னும் பிளாஸ்டிக் பூச்சு அப்படியில்லை. அது இறுகக் காற்றின் ஈரம் வேண்டும். அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள்; அவற்றின் முனைகளில் ஐசோசயனேட் என்னும் அணுத்தொகுதிகள் இருக்கின்றன: நைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் வரிசையாக. நடுவில் இருக்கும் கார்பனுக்கு எலக்ட்ரான் பசி. நீர் மூலக்கூறு ஒன்று வந்தால் விடாது. இணைந்து உருவாகும் பொருள் நிலைக்காமல் உடைகிறது. கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, முனையில் அமீன் என்னும் நைட்ரஜன் தொகுதி மிஞ்சுகிறது. அமீன் உடனே இன்னொரு ஐசோசயனேட் முனையைப் பிடித்துக்கொள்ள, இரண்டு சங்கிலிகள் ஒன்றாகின்றன. இங்கே நீர் ஒரு கல்யாணத் தரகர் என்றால், காரியம் முடிந்ததும் ஆளே இல்லாமல் போகும் தரகர். அதன் இரண்டு ஹைட்ரஜனும் சங்கிலியிலேயே தங்கிவிடும்; ஆக்சிஜன் வாயுவோடு போய்விடும்.

அந்த வாயு கொஞ்சநஞ்சமல்ல. ஒரு கிராம் தண்ணீர் முழுதாக வினைபுரிந்தால் ஒரு லிட்டருக்கும் மேல் வாயு வரும். நான் ஒருமுறை பாதி மிஞ்சிய டப்பாவைச் சரியாக மூடாமல் வைத்துவிட்டேன். அடுத்த வாரம் மூடி தொப்பை மாதிரி உப்பியிருந்தது. நெம்பியதும் 'புஸ்' என்றது. உள்ளே டப்பா அளவுக்கு ஒரு ரப்பர் கட்டி.

நீங்கள் உட்காரும் சீட்டின் ஸ்பாஞ்சும் இதே வினையில் உப்பியதுதான். அங்கே குமிழி வேண்டும், தரையில் வேண்டாம். கெட்டியாக அடித்தால் மேலே முதலில் தோல் கட்டும், கீழே பிறக்கும் வாயுவுக்கு வழியிருக்காது. கொப்புளம்தான். அதனால் மெல்லிசாக இரண்டு மூன்று கோட். தகடு ஈரமாகத் தெரியாவிட்டால் மட்டும் போதாது. காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் சூடாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமே பூச்சின் முனைகளைத் தின்றுவிடும்.

இரண்டு டப்பா வகையில் இறுகவைக்கும் பொருளும் இரண்டாவது டப்பாவில் கூடவே வருகிறது, காற்றை நம்ப வேண்டாம். அளவு தவறினால் பிசுபிசுக்கும். கலந்ததை வாளியிலேயே விட்டால் வினையின் சூடே அதைச் சீக்கிரம் கட்டியாக்கிவிடும். கேபினுக்கு என் ஓட்டு ஒற்றை டப்பாவுக்கு. சாமான் இழுபடும் பின்தொட்டிக்கு மற்றது. பாலியூரித்தேனில் விலை குறைந்த 'அரோமாட்டிக்' வகை வெயிலில் மஞ்சளாகும், ஆனால் கேபின் தரைவிரிப்புக்கு அடியில் அது யாருக்குத் தெரியப்போகிறது?

ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது. துணி முகமூடியால் ஒரு பயனும் இல்லை. கதவுகளைத் திறந்துவைத்து ரோலரால் அடியுங்கள், ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். ஐசோசயனேட் இல்லாத பாலியூரித்தேனுக்கான ஆய்வுகள் நடக்கின்றன. பளபளப்பான வேறு ஆய்வுகளுக்குக் கொட்டும் பணத்தில் கொஞ்சம் இதற்கு வந்தால் பெயின்டர்களின் நுரையீரல் பிழைக்கும்.

அப்புறம், சீட் போல்ட் துளைகளில் டேப் ஒட்டிவிட்டே ஆரம்பியுங்கள். சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்ட பிறகு தின்னர் ஊற்றினாலும் கரையாது. மரையைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.