ஈரக் கொழுந்தும் முரண்பாட்டு வினாவும்

ஹட்டனில் ஞாயிறு காலைகளில் போட்டிப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு நுண்ணறிவுப் பாடம் எடுக்கிறேன். எண் தொடரையும் படக் கோலத்தையும் பழகிப் பழகியே பிடித்துவிடுகிறார்கள். சறுக்குவது முரண்பாட்டு வினாவில்தான். போன மாதம் நானே எழுதிக் கொடுத்த ஒன்று இது.

“மழை மாதத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்தின் நிறை கூடியது. ஆனால் அதிலிருந்து கிடைத்த தேயிலைத் தூள் குறைந்தது. எது உண்மையானால் இது விளங்கும்?”

நான்கு விடைகள்: கூடுதலானோர் வேலைக்கு வந்தார்கள், தராசு நிறையைக் குறைத்துக் காட்டியது, ஏலத்தில் விலை இறங்கியது, கொழுந்தில் மழைத் தண்ணீர் நிறைய ஒட்டியிருந்தது.

பாதிப் பேர் தராசைப் பிடித்துக்கொண்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தராசு என்றாலே கோபம் வரும், அது நியாயம்தான். ஆனால் தராசு குறைத்துக் காட்டியிருந்தால் உண்மையில் கொழுந்து இன்னும் அதிகம் இருந்திருக்கும். தூள் ஏன் குறைந்தது என்ற முடிச்சு இன்னும் இறுகும். ஆள் கூடினார்கள் என்பது நிறைக்கு மட்டும் காரணம் சொல்கிறது, தூளைத் தொடவே இல்லை. விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சாதாரணமாகவே ஒரு கிலோ தூளுக்கு நாலரை, ஐந்து கிலோ கொழுந்து வேண்டும். மிச்சம் பெரும்பாலும் இலைக்குள் இருக்கும் நீர். அதன் மேல் மழைத் தண்ணீரும் சேர்ந்தால், நிறுவையில் ஏறியது வாட்டும்போதே ஆவியாகிவிடும்.

இரண்டு கூற்றும் உண்மைதான், எதையும் பொய்யாக்கப் பார்க்காதீர்கள் என்று தலையில் அடித்துக்கொண்டு சொல்வேன். ‘அப்படி நடக்காதே சேர்’ என்று விடையோடு சண்டை பிடிப்பதும் வீண். ‘உண்மையானால்’ என்று கேள்வியே சொல்லிவிட்டதே.

நான் முதலில் தேடுவது, ஒரே சொல்லுக்குள் இரண்டு சரக்கு கலந்திருக்கிறதா என்பதை. எல்லா முரணும் இதில் அவிழாது, ஆனால் நிறைய அவிழும். இங்கே ‘நிறை’க்குள் இலையும் தண்ணீரும் இருந்தன. வேறு முரண்களும் இப்படித்தான். தோட்ட மருந்தகத்தைவிடக் கண்டி பெரியாஸ்பத்திரியில் வைத்தியர்களும் அதிகம், சாவும் அதிகம். கடுமையான நோயாளிகளை அங்கேதானே அனுப்புகிறோம்? 1973இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதத்தினருக்கும் பெண்களில் 35 சதவீதத்தினருக்கும் இடம் கிடைத்தது. துறை துறையாகப் பிரித்தபோது பெண்களுக்கு எதிரான அந்தச் சாய்வைக் காணவில்லை. இடம் கிடைப்பது கடினமான துறைகளுக்கே பெண்கள் கூடுதலாக விண்ணப்பித்திருந்தார்கள்.

அன்று சரியான விடையை முதலில் சொன்னவள் பின்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை. “அம்மா கொழுந்து எடுக்கிறாங்க சேர். மழை நாளுல தண்ணிக்குன்னு ரெண்டு மூணு கிலோ கழிப்பாங்க.” சரி என்று பலகைப் பக்கம் திரும்பினேன். அப்புறம் அவளே கேட்டாள்: “அப்போ வெயில் நாளுலயும் ஏன் சேர் கழிக்கிறாங்க?”

அடுத்த வாரத் தாளில் அதுதான் முதலாம் வினா.