ஒற்றை வயர் ஒரு கந்தோரையே படுக்க வைப்பது எப்படி?

உவர்மலையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்கள் கந்தோரில் திடீரென்று எல்லாக் கொம்பியூட்டரும் நின்றுவிட்டன. இன்டர்நெட் போனது போக, பக்கத்து அறைப் பிரின்டருக்குக்கூடக் கடிதம் போகவில்லை. நெட்வேர்க் பார்க்கும் தம்பி வந்து கணக்குப்பிரிவில் ஒரு மேசைக்கடியில் இருந்த வயரைப் பிடுங்கினார். உடனே எல்லாம் சரியாகிவிட்டது. வயரில் பழுதா என்று கேட்டேன், நல்ல வயர்தான் என்றார். நல்ல வயர் எப்படி அறுபது கொம்பியூட்டரை நிறுத்தும்?"

நல்ல வயர் என்பதால்தான் நிறுத்தியது. பழுதான வயராக இருந்திருந்தால் ஒன்றுமே நடந்திராது.

கந்தோரின் கொம்பியூட்டர்களை இணைக்கும் பெட்டிக்குப் பெயர் சுவிட்ச் என்பது தெரிந்ததே. ஒவ்வொரு கொம்பியூட்டருக்கும் 48 பிட் நீளமான மெக் முகவரி உண்டு. எந்த முகவரியிலிருந்து எந்தப் போர்ட் (வயர் செருகும் வாய்) வழியாகத் தரவு வந்தது என்று சுவிட்ச் ஒரு பட்டியலில் குறித்துக்கொள்ளும். 300 செக்கன் சத்தமில்லாமல் இருப்பவரை வழக்கமாகப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். முகவரி பட்டியலில் இருந்தால் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். பட்டியலில் இல்லாவிட்டாலோ, 48 பிட்டும் 1 ஆக இருக்கும் 'எல்லாருக்கும்' முகவரிக்கு வந்தாலோ, வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டுக்கும் பிரதி எடுத்து அனுப்பும். பிரின்டரைத் தேடும் கொம்பியூட்டர் முதலில் கேட்கும் "இந்த ஐபி முகவரி யாருடையது?" என்ற கேள்வி இந்த இரண்டாம் வகை.

இப்போது இரண்டு சுவிட்சுகளை இரண்டு வயரால் இணைத்துவிட்டோம் என்று வையுங்கள். முதலாவது சுவிட்ச் அந்தக் கேள்வியை இரண்டு வயரிலும் அனுப்புகிறது. இரண்டாவது சுவிட்ச், முதல் வயரில் வந்ததை இரண்டாம் வயரிலும் இரண்டாம் வயரில் வந்ததை முதல் வயரிலும் திருப்பி அனுப்புகிறது. இரண்டு பிரதிகள் எதிரெதிர்த் திசையில் சுற்றத் தொடங்கிவிட்டன. சுற்றும் ஒவ்வொரு முறையும் எல்லாக் கொம்பியூட்டருக்கும் ஒரு பிரதி விழும். கோயில் திருவிழாவில் மைக்கை ஒலிபெருக்கிக்கு நேரே பிடித்தால் ஊளையிடுமே, அதே சுழற்சிதான்.

இது எப்போது நிற்கும்? நிற்காது. நெட்வேர்க் விட்டு நெட்வேர்க் தரவைக் கொண்டுபோகும் ஐபி பொதியில் ஆயுள் எண் ஒன்று இருக்கிறது. வழக்கமாக 64 அல்லது 128 இல் தொடங்கி ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும், பூச்சியம் ஆனதும் பொதி குப்பைக்குப் போகும். அந்தப் பொதியைச் சுற்றியிருக்கும், சுவிட்சுகள் கையாளும் ஈதர்நெட் சட்டகம் என்ற உறையில் அப்படி ஒரு எண்ணே கிடையாது. அதற்குச் சாவு இல்லை. சுவிட்ச் ஒன்றைக் கடக்க 5 மைக்ரோசெக்கன் எடுக்கும் என்று வைத்தால், ஒரே கேள்வி ஒரு செக்கனில் இலட்சம் தடவை சுற்றிவரும். மூன்றாவது வயரும் இருந்தால் நிலைமை இன்னும் மோசம்: ஒவ்வொரு பிரதியும் மற்ற இரண்டு வயரிலும் போவதால் 3, 6, 12 என்று பெருகி, இருபதாவது பயணத்தில் 15 இலட்சத்தைத் தாண்டும். ஒரு கிகாபிட் வயரில் மிகச் சிறிய சட்டகங்கள்கூட செக்கனுக்கு 14,88,095 தான் போகலாம். அத்தோடு வயர் நிரம்பிவிட்டது.

இதைவிட வஞ்சகமான இன்னொன்றும் கூடவே நடக்கும். உங்கள் மேசைக் கொம்பியூட்டரின் முகவரி தாங்கிய பிரதி வளையத்தைச் சுற்றி வேறு போர்ட்டால் திரும்பி வருகிறது. சுவிட்ச் பட்டியலைத் திருத்திக்கொள்கிறது: "ஓ, இவர் இந்தப் பக்கம் இருக்கிறார்." அதன் பிறகு உங்களுக்கு வரவேண்டிய பதில்கள் எல்லாம் வளையத்துக்குள் போய் விழும். பக்கத்து அறையிலேயே இருந்தாலும் உங்கள் பிரின்டர் எட்டாமல் போவது இதனால்தான்.

இப்படி நடக்கும் என்று தெரிந்தும் ஏன் இரண்டாவது வயர் போடுகிறோம்? ஒன்று அறுந்தால் மற்றது வேண்டுமே. இந்த முரண்பாட்டை 1985 இல் தீர்த்தவர் ரேடியா பேர்ள்மன், அப்போது டிஜிட்டல் எக்குவிப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றியவர். ஐஇஇஇ என்ற பொறியியலாளர் அமைப்பு அதை 1990 இல் 802.1டி என்ற தரமாக்கியது. பெயர் ஸ்பானிங் ட்ரீ, அதாவது எல்லாச் சுவிட்சையும் வளையம் இல்லாமல் இணைக்கும் மரம். எனக்கு இதில் பிடித்தது, எந்தச் சுவிட்சுக்கும் முழு வரைபடம் தெரியாது, தெரியவும் தேவையில்லை என்பது.

மின்சாரம் வந்ததும் ஒவ்வொரு சுவிட்சும் "நானே வேர்" என்று அறிவிக்கும். அறிவிப்பில் முக்கியமாக மூன்று செய்தி: வேர் யார், அதற்கு என்னிடமிருந்து எவ்வளவு செலவு, நான் யார். தன்னைவிடச் சிறிய அடையாள எண்ணைக் கேட்டதும் அந்தச் சுவிட்ச் வேர் உரிமையை விட்டுவிடும். அந்த எண், நாம் கொடுக்கும் முன்னுரிமையும் மெக் முகவரியும் சேர்ந்தது. செலவு என்பது வேகத்தைப் பொறுத்தது: 100 மெகாபிட் வயருக்கு 19, கிகாபிட்டுக்கு 4. கீழ்மாடிச் சுவிட்ச் வேர் என்போம். கணக்குப்பிரிவுக்கு அங்கிருந்து நேரே ஒரு பழைய 100 மெகாபிட் வயர். மேல்மாடி வழியாகப் போனால் இரண்டு கிகாபிட் வயர். நேர்வழிச் செலவு 19, சுற்றுவழி 8. கணக்குப்பிரிவுச் சுவிட்ச் சுற்றுவழியைத் தேர்ந்து, நேர்வழிப் போர்ட்டை மூடிவிடும். மூடினாலும் காதைத் திறந்தே வைத்திருக்கும். 2 செக்கனுக்கு ஒருமுறை வரும் அறிவிப்பு அங்கும் கேட்கும். மேல்மாடி வழி செத்தால் மூடிய போர்ட் தானாகத் திறக்கும். பழைய முறையில் இதற்கு 30 முதல் 50 செக்கன் எடுத்தது. 2001 இல் வந்த விரைவு முறையில் பெரும்பாலும் ஒரு செக்கன்கூட எடுக்காது. வளையம் இல்லாத மரம் ஒன்றை, அதை முழுதாகப் பார்த்தவர் எவருமில்லாமலே கட்டிவிட்டார்கள்! கோட்டுருவியல் (புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் ஆராயும் கணிதம்) படித்து என்ன பயன் என்று பல்கலைக்கழக நிதிக்குழுக்களில் கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டவேண்டும்.

அப்படியானால் உவர்மலைக் கந்தோர் ஏன் விழுந்தது? தடித்த சுவர்ப் பழைய கட்டடங்களில் புது வயர் இழுப்பது பெரும்பாடு. ஆகவே சுவரில் இருக்கும் ஒற்றைச் சொக்கட்டில் ஐந்து போர்ட் மலிவுச் சுவிட்ச் ஒன்றைக் கொழுவி விடுவார்கள். அமைப்பு எதுவும் மாற்ற முடியாத இந்தப் பெட்டிகளில் ஸ்பானிங் ட்ரீ இராது. மேசையைக் கூட்டித் துடைத்தவர், தொங்கிக்கொண்டிருந்த வயர் முனையை நல்லெண்ணத்தில் காலியான ஓட்டையில் செருகுவார். மறுமுனையும் அதே பெட்டியில். முன்னொரு காலத்தில் சுவிட்சுக்குச் சுவிட்ச் இணைக்க, அனுப்பும் கம்பியும் வாங்கும் கம்பியும் இடம்மாறிய குறுக்கு வயர் தேவைப்பட்டதால் இந்தத் தவறு சுலபத்தில் நடக்காது. இப்போது போர்ட்டே திருத்திக்கொள்கிறது. இரண்டு சொக்கட் உள்ள ஐபி தொலைபேசியின் இரண்டு வாயையும் சுவரில் கொழுவுவதும் இதே விளைவைத் தரும்.

சுவிட்சுகளை அணைத்துப் போட்டால் சில கணம் சரியாகும், புயல் செத்துவிட்டதால். அடுத்த கேள்வி கிளம்பியதும் மறுபடி தொடங்கும். அணைத்துப் போடுவதை மந்திரமாக நம்புவதும் சுவிட்ச் வைக்கும் ரக்கில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டுவதும் என் கணக்கில் ஒன்றுதான்.

செய்யவேண்டியது: பிரதான சுவிட்சில் எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறிபிடித்து மின்னினால் வளையம் என்று சந்தேகியுங்கள். மற்றச் சுவிட்சுகளுக்குப் போகும் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பத்துச் செக்கன் பொறுங்கள். எதைக் கழற்ற விளக்குகள் அடங்குகின்றனவோ, வளையம் அந்தப் பக்கம். அங்கே போய் அதையே மறுபடி செய்யுங்கள். அந்நேரம் நெட்வேர்க் வழியாகச் சுவிட்சுக்குள் நுழைய முடியாது, ஆகவே சுவிட்சோடு நேரே பேசும் கொன்சோல் வயர் கையில் இருக்கட்டும்.

வருமுன் காக்க, பிரதான சுவிட்சின் முன்னுரிமையை 4096 என்றும் துணைச் சுவிட்சை 8192 என்றும் வையுங்கள். எல்லாவற்றையும் 32768 என்ற தொழிற்சாலை எண்ணிலேயே விட்டால் மெக் முகவரி சிறியது வெல்லும். அநேகமாக அது மூலையில் கிடக்கும் மிகப் பழைய பெட்டி. மேசைப் போர்ட்டுகளில் பிபிடியு கார்ட் என்ற காவல் வசதியைப் போடுங்கள்: அங்கிருந்து ஸ்பானிங் ட்ரீ அறிவிப்பு வந்தால் போர்ட் மூடப்படும். சில மலிவுப் பெட்டிகள் அந்த அறிவிப்பை விழுங்கிவிடும் என்பதால் ஒலிபரப்புக் கட்டுப்பாடும், அதாவது 'எல்லாருக்கும்' தரவுக்கு ஒரு வரம்பும், வேண்டும், வேகத்தில் 1 சதவீதம் போதும்.

நம் ஊரில் இன்னொரு கண்ணி: கட்டடத்துக்குக் கட்டடம் இடி மின்னலுக்குப் பயந்து ஒளியிழை போடுகிறோம். நல்லது. ஆனால் இரண்டு இழையில் ஒன்று மட்டும் அறுந்து, ஒளியிழையைச் செப்பு வயரோடு இணைக்கும் மீடியா கன்வேர்ட்டர் பெட்டி அதை மறைத்தால், மூடிய போர்ட் "அறிவிப்பு வரவில்லை, வழி செத்துவிட்டது" என்று எண்ணித் திறந்துகொள்ளும். மறுதிசை இழை உயிரோடு இருப்பதால் வளையம் பிறந்துவிடும். அத்தகைய போர்ட்டுகளில், அறிவிப்பு நின்றாலும் திறக்கவிடாத லூப் கார்ட் இருக்கவேண்டும்.

கந்தோர் கலைந்த பிறகு ஒரு குட்டை வயரின் இரு முனையையும் இரண்டு மேசைச் சொக்கட்டில் செருகிச் சோதித்துப் பாருங்கள். சில செக்கனுக்குள் போர்ட் விளக்கு அணையவேண்டும். பல சுவிட்சுகளில் அது தானாக மீண்டும் திறக்காது. 300 செக்கனில் மீளும்படி தனியாகச் சொல்லிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் அந்த மேசைக்காரர் உங்களைத் தேடி வருவார்.