கட்டளையிட்டால் காரியம் முடிந்துவிடாது

இந்த வாரமும் அதே கதைதான். இரவில் தானாக ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் ஒன்றில் இரண்டே வரிகள் இருந்தன: கோப்புகளை வேறொரு டிஸ்கிற்கு நகலெடுக்கச் சொல்லும் வரி ஒன்று, மூலக் கோப்புகளை அழிக்கச் சொல்லும் வரி மற்றொன்று. டிஸ்கில் இடம் தீர்ந்ததால் நகலெடுப்பு பாதியில் நின்றது. அழிப்பு மட்டும் குறைவின்றி நடந்தேறியது. "நகலெடு என்றுதானே முதலில் எழுதியிருக்கிறேன்?" என்று எழுதியவர் கேட்கிறார். பிறர் எழுதிய நிரல்களைச் சரிபார்க்கும் பணியில் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

கட்டளை எதையும் அறிவிப்பதில்லை என்பதைப் பலரும் மனத்தில் வாங்கிக்கொள்வதே இல்லை. "கதவு சாத்தியிருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், போய்ப் பார்த்துவிட்டு "பொய்" என்று மறுக்கலாம். "கதவைச் சாத்து" என்பதற்கு "முடியாது" என்று மறுமொழி சொல்லலாமே தவிர, அதைப் பொய் என்று சொல்ல வழியில்லை. வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் ஆகிய பொருள்களில் வரும் வியங்கோளுக்கும் இது பொருந்தும். "வாழ்க" என்று வாழ்த்தியதால் ஒருவர் வாழ்கிறார் என்று ஆகிவிடாது. ஆனால் நிரலில் "சேமி" என்றொரு வரியைக் கண்டதும், சேமிக்கப்பட்டுவிட்டது என்றே நம் மனம் படித்துக்கொள்கிறது. இத்தனை கோளாறுக்கும் வேர் இந்த வாசிப்பில்தான் இருக்கிறது.

தருக்கவியலாரையும் இது திணறடித்திருக்கிறது. உண்மை, பொய் என்ற மதிப்பே இல்லாத கட்டளைகளிலிருந்து முடிவுகளை எப்படிப் பெறுவது என்ற சிக்கலை டென்மார்க்கின் ஜோர்கன் ஜோர்கன்சன் 1930களின் பிற்பகுதியில் முன்வைத்தார். 1941இல் டென்மார்க்கின் சட்டத் தத்துவ அறிஞர் ஆல்ஃப் ராஸ் இன்னொரு முடிச்சைக் காட்டினார். கூற்றுகளில் "அ" உண்மையென்றால் "அ அல்லது ஆ" என்பதும் உண்மை. அதே விதியைக் கட்டளைக்குப் பொருத்தினால், "கடிதத்தை அஞ்சலில் சேர்" என்பதிலிருந்து "கடிதத்தை அஞ்சலில் சேர் அல்லது எரித்துவிடு" என்பது கிடைக்கும். கடிதத்தை எரித்தவரும் இந்த இரண்டாவது கட்டளைக்குப் பணிந்தவராகிவிடுவார்.

நிரலாக்கத்தில் குழப்பத்தைக் கூட்டுவது குறியீடு. கணித அறிஞர் ராபர்ட் ரெகார்டு 1557இல் சமக்குறியை (=) அறிமுகப்படுத்தியது, இரு பக்கமும் சமம் என்று கூறுவதற்காக. 1957இல் வெளிவந்த ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழி அதே குறியை "வலப்பக்க மதிப்பை இடப்பக்கத்தில் வை" என்ற கட்டளைக்கு எடுத்துக்கொண்டது; அல்கால் மொழி := என்று எழுதி இரண்டையும் பிரித்து வைத்தும், பிறகு பரவிய மொழிகளில் பல ஃபோர்ட்ரான் வழியிலேயே போய்விட்டன. கட்டளையையும் கூற்றையும் முறையாக இணைத்துக் காட்டியவர் கணினியியல் அறிஞர் டோனி ஹோர். கட்டளைக்கு முன் எது உண்மையாக இருக்க வேண்டும், அது ஓடி முடிந்தால் பின் எது உண்மையாக இருக்கும் என்று இருபுறமும் கூற்றுகளை எழுதும் முறையை அவர் 1969இல் வெளியிட்டார். அங்கே மெய்ப்பிக்கப்படுவது அந்தக் கூற்றுகளின் இணைப்பு.

ஆகவே, ஷெல் (கட்டளைகளை வரிவரியாக வாங்கி ஓட்டும் நிரல்) ஸ்கிரிப்ட் எழுதுபவர்களே, ஒரு வரி தோற்றாலும் அடுத்த வரி ஓடும் என்பதே ஷெல்லின் இயல்பு என்பதை நினைவில் வையுங்கள். நகலெடுக்கும் கட்டளையையும் அழிக்கும் கட்டளையையும் && இட்டு இணையுங்கள்; முன்னது வெற்றிக்கு அடையாளமான பூஜ்யத்தைத் திருப்பினால் மட்டுமே பின்னது ஓடும். அதோடு நிற்காமல், நகலைத் திறந்து மூலத்தோடு ஒப்பிடும் வரியையும் இடையில் சேருங்கள். "சேமிக்கப்பட்டது" என்ற பதிவை, சேமிக்கும் கட்டளையின் விளைவைப் பார்ப்பதற்கு முன்பே லாகில் (நிரல் நடந்ததைக் குறித்துவைக்கும் கோப்பில்) எழுதாதீர்கள். நள்ளிரவில் கோளாறைத் தேடுபவரைத் தவறான திசைக்கு அனுப்புவது அந்த ஒரு வரிதான்.

இன்னொன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். வலைப்பின்னலில் பதில் வராதபோது கட்டளையை மீண்டும் அனுப்புகிறீர்கள். முதலாவது போய்ச் சேர்ந்து, அதன் பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். "இருப்பை 500 ஆக்கு" என்பதை அடுத்தடுத்து இருமுறை அனுப்பினாலும் இருப்பு 500தான். "இருப்பில் 500 கூட்டு" என்பதை இருமுறை அனுப்பினால் 1000 கூடிவிடும். கூட்டச் சொல்லியே தீர வேண்டிய இடத்தில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி அடையாள எண் கொடுத்து, அந்த எண் ஏற்கெனவே வந்திருந்தால் சர்வர் மறுபடி கூட்டாதபடி எழுதிவிடுங்கள்.